முறை வைத்து வாழ்தல்

எனக்கு வங்கியில் வேலை. வீட்டில் எண்பது தாண்டிய மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள், பிளஸ் டூ படிக்கும் மகன், என்னைப் போலவே அலுவலகத்துக்கு ஓடும் கணவர். இவற்றோடு எனக்கு நான்கு ஆசைகள் உண்டு. வீணை வாசிக்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இருக்கும் கல்வெட்டுகளைப் பாறையிலேயே பார்த்துப் படிக்க வேண்டும். கம்பராமாயணத்தை ஒரு பாட்டும் விடாமல் படித்து முடிக்க வேண்டும். வீட்டுக்கு வேண்டிய காயில் பாதியாவது மொட்டைமாடியில் விளைய வேண்டும். இதில் எதுவும் எனக்குச் சோறு போடவில்லை. எதையும் விட மனமும் இல்லை.

“இத்தனைக்கும் உங்களுக்கு எப்படி மேடம் நேரம் கிடைக்குது?” என்று கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிறார்கள். என்னிடம் எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக நேரம் இருக்கிறது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றோடு பல வருடம் புழங்கியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒவ்வோர் ஆசையும் தனக்கென்று ஒரு வகை நேரத்தைக் கேட்கிறது. அந்த வகை நேரம் கிடைத்துவிட்டால் கொஞ்சத்திலேயே அது வளர்கிறது. வேறு வகை நேரத்தை எவ்வளவு கொட்டினாலும் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

நான்குக்கும் தினம் அரை மணி என்று பங்கு வைக்கும் அட்டவணை பார்வைக்கு நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அது யாருக்கும் உதவாது. வீணைக்கு அந்த அரை மணி தாராளம். கல்வெட்டுக்கோ அந்த நேரத்தில் மாட்டுத்தாவணியைக்கூடத் தாண்ட முடியாது. கம்பனை அரை மணி ஒரே மூச்சில் படித்தால் பின்பாதிப் பாட்டெல்லாம் கண்ணில் பட்டு மனதில் படாமல் போகும். செடிகளுக்கு மார்கழியில் அரை மணி தேவையே இல்லை. ஆடியில் அது எந்த மூலைக்கும் காணாது.

வீணையிலிருந்து தொடங்குகிறேன். நான்கில் அதற்குத்தான் தயவு தாட்சண்யம் கிடையாது. இடது கை ஆட்காட்டி விரல் நுனியிலும் நடுவிரல் நுனியிலும் தந்தி பதிந்து பதிந்து ஒரு காய்ப்பு விழும். மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க அந்தக் காய்ப்பு வேண்டும். சில வாரம் தொடாமல் விட்டால் தோல் இளகிவிடும். மறுபடி உட்கார்ந்தால் சிறிது நேரத்திலேயே விரல் எரியும். எரிகிற விரல் முழுசாக இழுக்காது. இழுப்பு குறைந்தால் சுரம் தன் இடத்துக்கு ஏறாமல் கீழேயே தொங்கும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் சேர்த்து வாசித்து ஈடுகட்டலாம் என்றால் அதற்குத் தோல் சம்மதிக்காது. ஆகவே வீணை கேட்பது தினசரி நேரம். எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம்.

“தெனமும் உக்காரு. எவ்வளவு நேரம்னு நான் கேக்கவே மாட்டேன்” என்பார் எங்கள் டீச்சர். அவர் சொல்லை வைத்து நான் ஒரு கீழ்வரம்பு போட்டுக்கொண்டேன். நான்கு வாசிப்புத் தந்தியையும் மூன்று தாளத் தந்தியையும் சுருதி சேர்ப்பது, மாயாமாளவகௌளையில் ஒரு சரளி வரிசை மூன்று காலத்தில், ஒரு ஜண்டை வரிசை. அவ்வளவுதான். விருந்தாளி வந்த நாளிலும் தணிக்கைக்கு ஆள் வந்த நாளிலும் இதற்கு இடம் இருக்கும். கீழ்வரம்பு வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். கௌரவமான கீழ்வரம்பு வைப்பவர்கள் முதல் நெருக்கடி வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

இருபது நிமிடம் கிடைக்கிற நாளில் இன்னொரு ஆசை தலைதூக்கும். ஒரு வர்ணத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு எழுந்தால் வாசித்த திருப்தி வரும். பைரவியில் உள்ள அட தாள வர்ணத்தை எடுத்துக்கொண்டால் ஓர் ஆவர்த்தத்துக்கே 14 அட்சரம். இரண்டு காலத்திலும் அதை வாசித்து முடிப்பதற்குள் இருபது நிமிடமும் ஓடிவிடும். நேற்று இடறிய இடம் இன்றும் இடறும். அதனால் அந்தத் திருப்தியைத் தள்ளிவைக்கிறேன். இடறுகிற ஒரே ஒரு பிடியை மட்டும் எடுத்து, விரல் எந்த மெட்டிலிருந்து எந்த மெட்டுக்கு நகர்கிறது, இழுப்பு எங்கே தொடங்குகிறது என்று மெதுவாகப் பார்க்கிறேன். அந்த வாரம் முழுக்க அதே பிடிதான். முழு வர்ணம் ஞாயிற்றுக்கிழமைக்கு. நேரம் குறைவாக உள்ளவர்கள் முழுமையைத் தேடிப் போகக் கூடாது. சிக்கலைத் தேடிப் போக வேண்டும். வேறு வழியில் கை தேறாது.

வீணையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதும் இல்லை. கூடத்து மூலையில் பாய் விரித்து, மேலே துணி போர்த்தி வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து, தூக்கி எடுத்து, பாய் விரித்து என்று நான்கு வேலை முன்னால் நின்றால் விடிகாலை ஐந்து மணிக்கு மனம் எளிதாக ஒரு சாக்குச் சொல்லும். துணியை எடுத்தால் தந்தி இருக்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் இருந்தால்தான் தினசரி என்பது நடக்கிறது.

கல்வெட்டு இதற்கு நேர் எதிர். அதற்கு முழு நாள் வேண்டும். அந்த நாளிலும் எந்த மணி என்பதைப் பாறைதான் தீர்மானிக்கும். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துக் குன்றில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள் இருக்கின்றன. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அவை தமிழ்தான் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பெயரும், வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் அந்த வரிகளில் வருகின்றன. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் வெட்டிய விளிம்பை ஒட்டி எழுத்துகள் ஓடுகின்றன. அண்ணாந்து நின்றுதான் படிக்க வேண்டும்.

வெயில் நேராக அடிக்கும்போது எழுத்தின் பள்ளமும் பாறையின் பரப்பும் ஒரே வெளிச்சத்தில் கலந்துவிடும். கதிர் சாய்ந்து வரும்போதுதான் பள்ளத்துக்குள் நிழல் இறங்கி எழுத்து எழுந்து வரும். குகை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்குத் தக்கபடி காலையோ மாலையோ அமையும். தவிர, கண்ணுக்கும் பழக நேரம் வேண்டும். போய் நின்ற முதல் அரை மணிக்குப் பாறையின் வெடிப்பும் மனிதன் வெட்டிய கோடும் ஒன்றாகவே தெரியும். பிறகு மெல்ல ஒரு ‘க’ தெரியும். அதை ஒட்டி இன்னொன்று. சமணர் மலையில் இருப்பதுபோன்ற வட்டெழுத்து என்றால் வேறு தொல்லை. காலம் செல்லச் செல்ல அதில் ‘ப’வும் ‘வ’வும் ஒன்றுபோல ஆகிவிட்டதால், சொல்லை யூகித்து எழுத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் கட்டிவைத்த யூகமெல்லாம் கலைந்து, மறுபடி வெறும் பாறைதான் எதிரே நிற்கும். ஆகவே இந்த வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டவே முடியாது.

2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம் சனியும் நான்காம் சனியும் விடுமுறை. நான் இரண்டாம் சனியைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டேன். நான்காம் சனி வீட்டுக்கு: மாமியாரின் மருத்துவப் பரிசோதனை, ரேஷன், பாத்ரூம் குழாய், சொந்தக்காரர் வீட்டு விசேஷம். இரண்டாம் சனியில் யாராவது வளைகாப்பு வைத்தால் தயங்காமல் போவேன். அந்த மாதம் நான்காம் சனி கல்லுக்கு மாறும். மாதத்துக்கு ஒரு நாள் என்பது கேட்கச் சொற்பம்தான். ஆனால் அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமை இரவே தொடங்கிவிடுகிறது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் பாண்டியர் கல்வெட்டுகள் உள்ள 14-ஆம் தொகுதியைப் புரட்டி, போகப்போகிற இடத்தைச் சேர்ந்த அரசர் பெயர்களையும் வழங்கும் சொற்களையும் எழுதி வைத்துக்கொள்வேன். என்ன சொல்லை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து போகிற கண்ணுக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடும்.

கம்பனுக்கு நான் தனியாக நேரமே ஒதுக்குவதில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். நாளுக்குப் பத்து என்று படித்தால் மூன்று வருடத்துக்குள் கரையேறலாம். பத்துப் பாட்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதிலுள்ள வசதி. பெரும்பாலும் நான்கே அடி. ஒரு பாட்டு தன்னளவில் முடிந்து நிற்கிறது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒன்று. ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கன் நகர்வதற்குள் இரண்டு. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் மூன்று. நாவல் இந்த நேரத்துக்குச் சரிப்படாது. ஓர் அத்தியாயத்தின் நடுவில் புத்தகத்தை மூடினால் திரும்ப உள்ளே போகப் பத்துப் பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும். ஆகவே ஓர் ஆசையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஆகச் சிறிய துண்டு எவ்வளவு பெரியது என்று பார்க்கிறேன். கம்பனில் அது ஒரு பாட்டு, வீணையில் ஒரு பிடி, கல்வெட்டில் ஒரு பகல்.

தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் நேரம் நம் கையில் இல்லை. ஆடியில் விதைக்க வேண்டும், தையில் இன்னொரு பட்டம். அந்த நாட்களில் மண் கலப்பது, தொட்டி மாற்றுவது, பந்தல் கட்டுவது எல்லாம் சேர்ந்து வரும். வீட்டில் எல்லோரும் கை கொடுத்தால் ஒரு ஞாயிறில் முடியும். மற்ற மாதங்களில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

தினசரி நேரம், முழு நாள், துண்டு நேரம், பருவம் என்று வகை பிரித்துவிட்டால் நான்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது பெரிய அளவில் குறையும். முற்றிலும் நிற்காது. மார்ச் வரும். மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பு. அந்த மாதம் வங்கி ஊழியருக்கு வீடே இரண்டாம் பட்சம். அதே மாதம் மகனுக்குப் பொதுத்தேர்வு. அப்போது எல்லாவற்றுக்கும் போதாது என்று தெளிவாகத் தெரியும். எங்கள் பிறந்த வீடு மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயின் கடைக்கோடி. தண்ணீர் குறைந்த வருடத்தில் அங்கே முறை வைத்துத்தான் திறப்பார்கள். இந்த மடைக்கு இத்தனை நாள், பிறகு அடைப்பு, பிறகு அடுத்த மடை. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் வாய்க்கால்தான் நனையும். வயலுக்கு ஒரு சொட்டும் எட்டாது. அடைத்த மடைக்காரருக்குத் தன் முறை எந்தத் தேதியில் வரும் என்று தெரியும். அது தெரிவதால்தான் அவர் சும்மா இருக்கிறார்.

ஆசைகளுக்கும் அப்படித் தேதி சொல்லி அடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்’ என்று ஒதுக்கியது நாளெல்லாம் மனதை அரிக்கும். ‘கல்வெட்டு ஏப்ரல் இரண்டாம் சனி’ என்று காலண்டரில் எழுதிவிட்டால் மார்ச் முழுக்க அதை நினைக்காமல் இருக்கலாம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஐராவதம் மகாதேவன். 1954-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தவர். ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே தமிழ் பிராமியைப் படித்து, 1966-இல் அக்கல்வெட்டுகளைத் தொகுத்து அறிஞர்கள் முன் வைத்தார். அதன்பின் சிந்துவெளி எழுத்து அவரை இழுத்துக்கொண்டது. 1977-இல் அந்த எழுத்துக்கான தொகுப்பும் அடைவும் வெளிவந்தன. 1980-இல் விருப்ப ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை ‘தினமணி’யின் ஆசிரியராக இருந்தார். பிறகு 1990-களில் மறுபடி குகைகளுக்குப் போய் ஒவ்வொரு கல்வெட்டையும் நேரில் சரிபார்த்து, 2003-இல் பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். முதல் தொகுப்புக்கும் இந்த நூலுக்கும் இடையே 37 ஆண்டுகள். இடையில் பிராமி அடைபட்டிருந்தது, ஆனால் கைவிடப்படவில்லை. திரும்பி வந்தபோது சிந்துவெளி அட்டவணைகளில் பழகிய கண்ணும் கையும் கூடவே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

உ.வே. சாமிநாதையர் வேறு மாதிரி. 1880-இலிருந்து கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று பதிப்பித்தார். வகுப்பு போக மிஞ்சிய நேரமெல்லாம் ஒரே திசையில் ஓடியது. ஒரே ஆசை உள்ளவர்களுக்கு அவர் வழி. என்னைப் போல நான்கைச் சுமப்பவர்களுக்கு மகாதேவன் வழிதான் தோது.

அடைத்ததை மறுபடி திறப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்துகிற இடத்தில் அடுத்த அடியை எழுதி வைத்துவிட வேண்டும். ‘கல்வெட்டு: மூன்றாம் வரியில் நான்காவது எழுத்து சந்தேகம், மாலை வெளிச்சத்தில் பார்க்க’ என்று ஒரு வரி. ‘வீணை: சரணத்தில் மூன்றாவது சுரக்கோவை, மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கும் இடம்’ என்று ஒரு வரி. இரண்டு மாதம் கழித்துத் திறக்கும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகாது. அதைவிட முக்கியமாக, ‘எல்லாம் மறந்துபோச்சே’ என்ற சோர்வு வராது. நடுவில் விட்டவர்களை இன்னொருமுறை கைவிட வைப்பது பெரும்பாலும் அந்தச் சோர்வுதான். நான் இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான் வைத்திருக்கிறேன். செல்போனில் இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அவற்றைப் பராமரிப்பதே ஐந்தாவது ஆசையாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருத்தி தன் அளவில் செய்துகொள்ளக்கூடியது. அதோடு கதை முடிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அந்தோணி டிரொலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார் என்பதை நேர நிர்வாகம் பேசுகிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவரை எழுப்பி, காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே வீட்டுக் குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் என்பதையும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் காப்பியில்தான் கண் போகிறது. விடிகாலை நேரம் என்று நாம் புகழ்கிற பொருளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இன்னும் முன்னதாக எழுந்திருக்கிறார்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் முதல்முறையாக நாடு முழுக்க நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள்: 289, 88. இரு தரப்பும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். இடைவெளி மட்டும் 202-லிருந்து 201 ஆகியிருக்கிறது. ஒரு நிமிடம்! இந்த இடைவெளியைப் பேசாமல் பெண்களிடம் ‘விடிகாலையில் எழுந்திருங்கள்’ என்று சொல்வது அவர்களுடைய தூக்கத்திலிருந்து கடன் வாங்கச் சொல்வது.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் கணவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். “என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வந்துர்றேன்.”

“அதைச் சொல்றதுதாங்க வேலையே” என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. அத்தையின் மாத்திரைகளை வைத்து விளக்கினேன். மருந்துக்கடைக்குப் போய்வருவது பத்து நிமிட வேலை. எது எப்போது தீரும் என்று நினைவில் வைப்பது, டாக்டர் அளவை மாற்றினாரா என்று பார்ப்பது, தீர்வதற்கு மூன்று நாள் முன்னால் வாங்குவது, இதெல்லாம் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும் வேலை. நான் வீணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதன்பிறகு வேலைகளை நினைவோடு சேர்த்தே பிரித்தோம். மாத்திரை முழுக்க அவருடையது. இரவுச் சாப்பாடும் காஸ் பதிவு செய்வதும் அவர் பொறுப்பு. துணி மகனுடையது, சோப்புத்தூள் தீர்ந்தால் அவன்தான் கவனிக்க வேண்டும். மின்கட்டணம், வீட்டு வரி, வண்டி இன்ஷூரன்ஸ் மகளிடம். கொடுத்த வேலையில் நான் தலையிடுவதில்லை என்பது என் பக்கத்து நிபந்தனை. இரவு தோசைக்குத் தொட்டுக்கொள்ள வெறும் பொடிதான் என்றால் பொடிதான். இந்தப் பிரிவினையில் எனக்கு மிச்சமான நேரம் நிமிடக் கணக்கில் பெரிதல்ல. ஆனால் மிச்சமான நேரத்தில் என் தலை என்னிடம் இருந்தது. வீணைக்கு அதுதான் வேண்டும்.

ஆசையையும் கடமையையும் ஒன்றாக்கிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சிலவற்றில் முடியும். கம்பனை இரவில் அத்தைக்கு வாய்விட்டுப் படிக்கிறேன். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. கதை முழுக்கத் தெரியும். பாட்டைப் படித்துப் பொருள் சொன்னால் உடனே தன் தீர்ப்பையும் சொல்லிவிடுவார். கைகேயி வரம் கேட்ட இடத்தில், “அவ கேட்டதுல என்னத்தா தப்பு? குடுக்கிறேன்னு சொன்னவன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க” என்றார். உரையாசிரியர்களிடம் கிடைக்காத ஒரு வாசிப்பு எனக்கு அப்படிக் கிடைத்தது. ஆனால் அத்தை தூங்கும் அறையில் உட்கார்ந்து, ஒரு காது அவர் பக்கமும் ஒரு காது தந்தியிலுமாக வீணை வாசித்தால் அது சாதகமும் ஆகாது, கவனிப்பும் ஆகாது. எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகத்தான் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது.

ஒரு வருடம் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் நடை பழக்குவது என்று மாதங்கள் ஓடின. அப்போது முறையெல்லாம் பேச இடமில்லை. எல்லாம் ஒரே மடைக்குத்தான். தோட்டத்தில் பாதி காய்ந்தது. கல்வெட்டை நினைக்கவே இல்லை. வீணை சில நாள் சரளி வரிசையோடு நின்றது, சில நாள் அதுவும் கிடையாது. வளர்ந்தது கம்பன் ஒருவன்தான். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரம் வேறு எங்கேயும் இல்லாத அளவுக்குக் கிடைக்கும். அந்த மாதங்களை நான் இழப்புக் கணக்கில் எழுதுவதில்லை. நான்கும் நான்கு வகை நேரத்தைச் சார்ந்திருந்ததால், எல்லாம் ஒரேயடியாகச் சாயவில்லை. ஒரே மாதிரியான நான்கு ஆசைகளை வைத்திருப்பவர்களுக்கு இது வாய்க்காது. வீணையோடு வாய்ப்பாட்டும் நாட்டியமும் என்று மூன்றுக்கும் தினசரி நேரம் வேண்டியிருந்தால், ஒரு நெருக்கடி மூன்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஆனைமலை நரசிங்கம் குடைவரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 770-ஐச் சேர்ந்தது. பாண்டியன் நெடுஞ்சடையனின் உத்தரமந்திரியாக இருந்த மாறன் காரி அந்தக் கற்றளியைச் செய்வித்தார். குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். அவருக்குப்பின் அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டி, சடங்கை நிறைவு செய்தார். மந்திரி பதவிக்கு நடுவே ஒருவர் குன்றைக் குடைய ஆரம்பித்திருக்கிறார். முடிக்க முடியவில்லை என்பதையும் இன்னொருவர் முடித்தார் என்பதையும் கல்லில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். முடிக்காமல் போவதைக் குறையாக அவர்கள் மறைக்கவில்லை. எனக்கு அந்த எழுத்தை முதலில் கூட்டிப் படித்தபோது அதுதான் பிடித்தது.

வங்கியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வங்கித் தேர்வான ஜே.ஏ.ஐ.ஐ.பி.க்குப் படிக்கிறாள். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும், பிரெஞ்சு படிக்க வேண்டும் என்றும் ஆசை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டாள். மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இதன் ஆகச் சிறிய துண்டு எவ்வளவு? ஒரு மாதம் விட்டால் என்ன கெடும்? நீ இதில் இருக்கும் நேரத்தில் உன் வேலையை யார் பார்ப்பார்கள்? நீச்சல் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் விட்டாலும் போகாது. கோடையில் ஒரு மாதம் மொத்தமாகக் கொடுத்தால் போதும். பிரெஞ்சு தினமும் கேட்கும். தேர்வுக்குத் தேதி இருக்கிறது. ஆகவே இப்போது தேர்வு, கோடையில் நீச்சல், அதுவரை பிரெஞ்சு தினம் பத்துச் சொல் என்று அவளே முறை வைத்துக்கொண்டாள்.

போகும்போது, “நீங்க இந்த நாலையும் எப்ப மேடம் முடிப்பீங்க?” என்றாள். யோசித்துப் பார்த்தால் நான்கில் முடியக்கூடியது கம்பன் ஒன்றுதான். வீணைக்கு முடிவு கிடையாது. மதுரையைச் சுற்றியுள்ள கல்வெட்டுகள் என் ஆயுளைவிட அதிகம். தோட்டம் ஆடிக்கு ஆடி புதிதாகத் தொடங்குகிறது. யுத்த காண்டத்தில் இருக்கிறேன். முடிந்ததும் அந்தத் துண்டு நேரத்துக்குப் பெரிய புராணம் என்று தீர்மானித்திருக்கிறேன். நாலாயிரத்துக்குச் சற்று மேல் பாடல்கள். நாளுக்குப் பத்து என்றால் பதினான்கு மாதம். அத்தை இப்போதே கேட்டுவிட்டார், கண்ணப்ப நாயனார் கதை எத்தனையாவது மாதத்தில் வரும் என்று.